திரைமறைவில் ஒரு நிமிஷம்

‘திரைமறைவு’ என்ற சொல்லுக்கு நம் மொழியில் நல்ல பெயர் கிடையாது. திரைமறைவில் பேரம் நடந்தது என்போம். திரைமறைவில் சூழ்ச்சி நடந்தது என்போம். யாரோ ஒருவர் திரைமறைவில் நியாயமாக நடந்துகொண்டார் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நல்ல காரியம் வெளிச்சத்தில் நடக்கும், கெட்ட காரியம் இருட்டைத் தேடும் என்பது நாம் தொட்டிலிலிருந்தே கேட்டு வளர்ந்த நீதி. கதை எழுதுகிற எங்களுக்கும் அது சௌகரியமான நீதி. ஒரு பாத்திரத்தின் மீது வாசகருக்குச் சந்தேகம் உண்டாக வேண்டுமானால், அவன் கதவைத் தாழிட்டுக்கொண்டான் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

இந்த நீதிக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. ஓட்டுச் சாவடியில் ஒரு மேஜை மீது மூன்று பக்கமும் அட்டையால் மறைத்து வைத்திருக்கிறார்களே, அந்த இடம். அங்கே மட்டும் மறைவில் செய்வதே தர்மம். பலர் பார்க்கச் செய்வது குற்றம். வாழ்க்கையின் மற்ற எல்லாக் காரியங்களிலும் ‘ஒளிக்காதே’ என்று உபதேசிக்கும் சமூகம், இந்த ஒரு காரியத்தில் ‘ஒளித்தே செய்’ என்று கட்டளையிடுகிறது. இது ஏன் என்று யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா?

யோசித்தவர்கள் இருந்திருக்கிறார்கள்; யோசித்து வேண்டாம் என்று சொன்னவர்களும் இருந்திருக்கிறார்கள். ஆங்கிலேய ஞானி ஜான் ஸ்டூவர்ட் மில் 1861-ல், ஓட்டு என்பது ஒருவனுடைய சொந்தச் சொத்து அல்ல, ஊராருக்காக அவன் வைத்திருக்கும் பொறுப்பு, ஆகையால் ஊரார் பார்க்கவே அதைச் செலுத்த வேண்டும் என்று வாதாடினார். வேடிக்கை என்னவென்றால், அவருடைய தகப்பனார் ஜேம்ஸ் மில் ரகசிய ஓட்டுக்காகப் பேனா பிடித்தவர். அந்த வாதத்தில் மகன் தோற்றார், தகப்பனார் ஜெயித்தார். ஆஸ்திரேலியாவில் விக்டோரியாவும் தெற்கு ஆஸ்திரேலியாவும் 1856-லேயே ரகசிய ஓட்டுமுறையைக் கொண்டுவந்துவிட்டன. பிரிட்டன் 1872-ல் சட்டம் இயற்றியது. அதற்கு முன்பு அங்கே ஓட்டர் மேடையேறி வாய்விட்டுத் தம் வேட்பாளரின் பெயரைச் சொல்ல வேண்டும். எதிரே நிலச்சுவான்தார் நின்றுகொண்டிருப்பார். அல்லது அவருடைய காரியஸ்தர் குறிப்பெடுத்துக்கொண்டிருப்பார். மறுநாள் குத்தகை நிலைக்குமா என்பது அந்த ஒரு வார்த்தையைப் பொறுத்தது.

ஆகவே, பயந்தவனைக் காப்பாற்றுவதற்காகத் திரை போட்டார்கள் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அது பாதி உண்மைதான். பயந்தவன் மட்டும் திரைக்குப் பின்னால் போகலாம், தைரியசாலி வெளியிலேயே குத்திக்கொள்ளலாம் என்று ஏற்பாடு செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? திரைக்குப் பின்னால் போகிற ஒவ்வொருவனும் தான் எதிர்க்கட்சிக்காரன் என்று தம்பட்டம் அடித்துக்கொண்டு போகிற மாதிரி ஆகியிருக்கும். ‘உனக்கு என்னப்பா ஒளிவு மறைவு?’ என்று கேட்டுவிட்டால் அந்தக் குத்தகைக்காரன் கதி என்ன? ஆகையால், பயமில்லாதவனும் போயாக வேண்டும். எல்லோரும் மறைவதால்தான், மறைய வேண்டியவன் வெட்கமில்லாமல் மறைய முடிகிறது. ‘நான் யாருக்குப் போட்டால் என்ன, ஊரறியச் சொல்வேன்’ என்று மார்தட்டுகிறவர்கூட அந்த அட்டைக்குப் பின்னால் ஒரு நிமிஷம் நின்றாக வேண்டும். அந்த நிமிஷம் அவருக்காக அல்ல, அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்கிற, வாய் திறக்க முடியாத யாரோ ஒருவருக்காக.

எனவே ஓட்டின் ரகசியம் ஓர் உரிமை மட்டும் அல்ல. அது ஒரு கடமை. உரிமையானால் வேண்டாம் என்று விட்டுக்கொடுக்கலாம். கடமையை அப்படி விட்டுக்கொடுப்பதற்கில்லை. ‘என் புருஷர் பக்கத்தில் இருக்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை’ என்று ஒரு பெண் சொன்னாலும், சாவடி அதிகாரி புருஷரைத் தள்ளி நிற்கச் சொல்கிறார். அவளுக்கு ஆட்சேபம் இல்லாமல் இருக்கலாம். அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு ஆட்சேபம் இருந்தும் சொல்ல முடியாமல் இருக்கலாம் அல்லவா?

இந்த விஷயத்தை இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்வதற்குக் காரணம், திரையில்லாத ஓர் ஓட்டைப் பற்றி நான் பேச வந்திருப்பதுதான். தபால் ஓட்டு.

தபால் ஓட்டு கருணையில் பிறந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864-ஆம் வருஷத்துத் தேர்தலில், போர்முனையில் இருந்த சிப்பாய்கள் ஓட்டளிக்கப் பல மாநிலங்கள் வழி செய்தன. நாட்டுக்காக உயிரைக் கொடுக்கத் தயாராக இருப்பவனுக்கு ஓட்டு இல்லையா என்ற கேள்வி நியாயமானதுதானே? பிற்பாடு நோயாளிகள், முதியவர்கள், கைகால் முடியாதவர்கள், வெளியூரில் பிழைப்பவர்கள் என்று அந்தக் கருணை விரிந்தது. குற்றம் சொல்ல இதில் ஒன்றுமில்லை. ஆனால் கருணை பிறந்த அதே வருஷத்தில் களவும் பிறந்துவிட்டது. நியூயார்க் மாநிலத்துச் சிப்பாய்களின் பெயரில் கள்ள ஓட்டுத் தயாரித்ததாகச் சிலர் 1864-லேயே ராணுவ விசாரணை மன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார்கள்.

வெகு காலம் கழித்து, 1997-ல், அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள மயாமி நகரத்தில் மேயர் தேர்தல் நடந்தது. பதவியில் இருந்த ஜோ கரோயோவும், முன்னாள் மேயர் சேவியர் சுவாரெஸும் பிரதான வேட்பாளர்கள். நவம்பர் 4-ஆம் தேதி, சாவடிக்கு நேரில் வந்து விழுந்த ஓட்டுகளில் கரோயோவுக்குப் பாதிக்கு மேல், ஏறக்குறைய 51 சதவிகிதம் கிடைத்தது. அத்தோடு அவர் ஜெயித்திருக்க வேண்டும். ஆனால் தபால் ஓட்டுகளை எண்ணியபோது கதை திரும்பியது. அவற்றில் சுவாரெஸுக்கு 61 சதவிகிதத்துக்கு மேல். இரண்டையும் கூட்டினால் யாருக்கும் பாதி இல்லை. மறுசுற்று வைத்தார்கள், நவம்பர் 13-ஆம் தேதி நடந்த அதில் சுவாரெஸ் ஜெயித்து மேயரானார்.

ஒரே ஊர், ஒரே ஜனங்கள், ஒரே தேர்தல். சாவடிக்கு நடந்து வந்தவர்களின் மனம் ஒரு பக்கம், வீட்டில் இருந்தவர்களின் மனம் இன்னொரு பக்கம். இது எப்படி என்று கரோயோ நீதிமன்றத்துக்குப் போனார். ‘மயாமி ஹெரால்டு’ பத்திரிகை வீடு வீடாக விசாரித்து எழுதியது. அதற்காக 1999-ல் அந்தப் பத்திரிகைக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. தோண்டத் தோண்ட வெளிவந்தவை விசித்திரமானவை. நகரத்துக்கு வெளியே குடியிருந்தவர்களின் ஓட்டுகள் இருந்தன. பொய்க் கையெழுத்துகள் இருந்தன. செத்துப்போய் நாலு வருஷமான ஒருவர் பெயரில்கூட ஓட்டு விழுந்திருந்தது.

பத்திரிகைக்காரர்களுக்குச் செத்தவரின் ஓட்டு ருசியான சமாசாரம். கதைக்காரனுக்கு அது அவ்வளவு பெரிதாகப் படவில்லை. செத்தவரை யாரும் ஏமாற்ற முடியாது. அவர் எல்லா ஏமாற்றங்களையும் தாண்டிவிட்டார். உயிரோடு இருந்தவர்களின் ஓட்டுகள் போன விதம்தான் என்னை யோசிக்க வைத்தது.

மயாமி வட்டாரத்தில் ‘போலெட்டேரோ’ என்று ஒரு சொல் உண்டு. ஓட்டுச் சீட்டுக்கு ஸ்பானிஷ் மொழியில் ‘போலெட்டா’ என்று பெயர்; அதைச் சேகரித்து வருகிறவர் போலெட்டேரோ. கியூபாவிலிருந்து வந்து குடியேறிய முதியவர்கள் நிறைய இருக்கும் பேட்டைகளில் இவர் ஒரு முக்கியமான மனிதர். இவரைத் தடியோடு வரும் ரௌடி என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் இவர் அந்தப் பேட்டையிலேயே பழகிய ஆணாகவோ பெண்ணாகவோ இருப்பார். ஆங்கிலம் தெரியாத கிழவருக்கு வந்த சர்க்கார் கடிதத்தைப் படித்துச் சொல்லுவார். பாரங்களைப் பூர்த்தி செய்து கொடுப்பார். யாருமே வராத வீட்டுக்கு வந்து சுகம் விசாரிப்பார். தேர்தல் வந்ததும் அதே மனிதர், அதே புன்னகையோடு வருகிறார். “உங்களுக்கு ஒரு கவர் வந்திருக்குமே? கையெழுத்து மட்டும் போடுங்கள் அம்மா, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்கிறார். இந்த வாக்கியம் என் கற்பனை. ஆனால் இதைத் தவிர வேறு எந்த வாக்கியத்தை அவர் சொல்லியிருக்க முடியும்?

ஒரு காலத்தில் நம் ஊர்த் தபாலாபீஸ் வாசல்களில் மணியார்டர் பாரம் எழுதிக் கொடுக்கிறவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பணத்தையும் விலாசத்தையும் ஒப்புவித்துவிட்டு, என்ன எழுதினார் என்று பார்க்கத் தெரியாமலே கைநாட்டு வைத்துவிட்டுப் போவார்கள். படிக்கத் தெரியாத ஒருவர் படித்தவர் ஒருவரிடம் வைக்கும் அந்த நம்பிக்கைக்கு ஈடாக ஒன்றை நான் எங்கும் கண்டதில்லை. அவர் விலாசத்தை மாற்றி எழுதினால் அதற்கு என்ன பெயர் சொல்வோம்? வழிப்பறி என்று சொல்ல மாட்டோம். வழிப்பறிக்காரனுக்காவது எதிராளியின் முகத்தைப் பார்த்து மிரட்டும் தைரியம் வேண்டும். இது நம்பிக்கைத் துரோகம். நம் முன்னோர்கள் பாவங்களை வரிசைப்படுத்தியபோது இதை அடிமட்டத்தில், எல்லாவற்றுக்கும் கீழே வைத்தார்கள்.

இங்கே ஓர் ஆட்சேபம் வரும். “அந்தக் கிழவி எப்படியும் அவருக்குத்தானே போட்டிருப்பாள்? அவள் மனசு எனக்குத் தெரியாதா? அவளுக்குச் சிரமம் வேண்டாம் என்றுதானே நானே குறியிட்டேன்?” என்று உதவி செய்தவர் கேட்கலாம். பொய்யும் அல்ல, பல சமயங்களில் அது நிஜமாகவே இருக்கும்.

பாட்டியின் சுருக்குப்பையிலிருந்து பேரன் பத்து ரூபாய் எடுத்துக்கொள்கிறான். “கேட்டால் கொடுத்திருப்பாள்” என்கிறான். ஆமாம், கொடுத்திருப்பாள், இருபதாகவே கொடுத்திருப்பாள். ஆனால் கொடுப்பதில் அவளுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது, ஒரு கௌரவம் இருந்தது. முடிச்சை அவிழ்த்து, நோட்டை எண்ணி, “ஊதாரித்தனம் பண்ணாதே” என்று ஒரு வார்த்தை சொல்லிக் கொடுக்கிற அதிகாரம் இருந்தது. பேரன் எடுத்தது பத்து ரூபாய் மட்டும் அல்ல; பாட்டியிடம் மிச்சமிருந்த அந்த அதிகாரத்தையும் சேர்த்து எடுத்துவிட்டான். வயசானவர்களிடமிருந்து உலகம் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொள்கிறது. வேலை போகிறது, வீட்டுச் சாவி மருமகளிடம் போகிறது, எங்கே போவது, எதைச் சாப்பிடுவது என்ற தீர்மானம் டாக்டரிடம் போகிறது. யாரும் தட்டிக்கேட்க முடியாத, முழுக்க முழுக்கத் தன் தீர்மானமாக அவர்களிடம் எஞ்சியிருப்பது அந்த ஓட்டு ஒன்றுதான். அதையும் ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று வாங்கிக்கொள்வதை உதவி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தவிர, கடைசி நிமிஷத்தில் மனிதன் மாறுவான். இருபது வருஷமாக ஒரே சின்னத்துக்குக் குத்தியவர், திரைக்குப் பின்னால் தனியாக நிற்கும்போது, ஏதோ ஒரு நினைவில், ஏதோ ஒரு கோபத்தில், அல்லது ஏதோ ஒரு நியாய உணர்வில் கையை வேறு பக்கம் நகர்த்தலாம். நகர்த்தாமலும் இருக்கலாம். அந்த ‘லாம்’தான் ஓட்டு. அது இல்லாவிட்டால் ஜனத்தொகைக் கணக்கைப் பார்த்தே மேயரை நியமித்துவிடலாமே!

இதெல்லாம் உள்ளூர்த் தேர்தல்களில் அதிகமாக நடப்பதற்குக் காரணம் இருக்கிறது. தேசத் தேர்தலில் லட்சக்கணக்கான ஓட்டுகளைப் புரட்ட வேண்டும். அது தனி மனிதர்களால் ஆகிற காரியம் அல்ல. ஸ்தல ஸ்தாபனத் தேர்தலில் நூறு ஓட்டு போதும். சில வார்டுகளில் பத்தே போதும். அந்த நூறு பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்த ஒருவர் அங்கே இருப்பார். ஊர் சின்னதாக இருப்பது அன்புக்கு எவ்வளவு வசதியோ அவ்வளவு வசதி மோசடிக்கும்.

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்தில் அதுதான் நடந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் தபால் ஓட்டு என்ற ஏற்பாட்டை அந்த நாடு 2000-ஆம் வருஷத்துச் சட்டத்தால் கொண்டுவந்தது. 2004 ஜூன் 10-ஆம் தேதி நகரசபைத் தேர்தல். ஆஸ்டன், போர்டெஸ்லி கிரீன் என்ற இரண்டு வார்டுகளின் முடிவை எதிர்த்து வழக்கு வந்தது. பிறர் பெயரில் விண்ணப்பம் போட்டு ஓட்டுச் சீட்டை வரவழைத்ததும், வீடுகளுக்குப் போக வேண்டிய சீட்டுகள் வேறு கைகளுக்குப் போனதும் விசாரணையில் வெளிவந்தன. தேர்தலுக்கு முன்னால் ஓர் இரவில் போலீசார் ஒரு கிடங்குக்குள் போனபோது, மேஜை மீது நூற்றுக்கணக்கான தபால் ஓட்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு சிலர் வேலை செய்துகொண்டிருந்தார்கள் என்பதும் சாட்சியத்தில் வந்தது. 2005 ஏப்ரல் 4-ஆம் தேதி ரிச்சர்டு மௌரி தீர்ப்புச் சொன்னார். நாம் ஏளனமாகப் பேசும் சின்னஞ்சிறு சர்வாதிகார நாடுகளுக்குக்கூட இது தலைகுனிவாக இருக்கும் என்ற கருத்தில் அவர் கடுமையாக எழுதினார். ஆறு கவுன்சிலர்கள் பதவி இழந்தார்கள். அந்த ஆறு பேரில் ஒருவர் மேல்முறையீட்டில் தம் மீதுள்ள களங்கத்தைத் துடைத்துக்கொண்டார் என்பதையும் சொல்வது நியாயம்.

அப்போதைய சட்டத்தில் ஓட்டர் உறுதிமொழித் தாளில் கையெழுத்துப் போட வேண்டும், ஒரு சாட்சியும் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்துகளை எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது? ஒப்பிட ஒன்றுமில்லை. பூட்டு இருந்தது, சாவி எல்லோரிடமும் இருந்தது. பிறகு 2006-ல் கையெழுத்தையும் பிறந்த தேதியையும் முன்கூட்டியே வாங்கி வைத்து ஒப்பிடும்படி சட்டத்தைத் திருத்தினார்கள்.

இனித்தான் எனக்கு மிகவும் சிக்கலாகப் படும் கேள்வி வருகிறது. களவு ருசுவாகிவிட்டது, என்ன செய்வது?

மயாமி வழக்கில் முதலில் விசாரித்த நீதிபதி 1998 மார்ச் மாதத்தில் தேர்தலை ரத்துச் செய்து, புதிதாக நடத்தும்படி உத்தரவிட்டார். அந்த மோசடியில் சுவாரெஸுக்கு நேரடிச் சம்பந்தம் இருந்ததாகச் சாட்சியம் இல்லை என்றும் சொன்னார். ஆனால் மேல்கோர்ட்டு மார்ச் 11-ஆம் தேதி வேறு விதமாகத் தீர்ப்பளித்தது. தபால் ஓட்டுகள் முழுவதையும், ஏறக்குறைய ஐயாயிரம் ஓட்டுகளை, தள்ளிவிட்டது. நேரில் விழுந்த ஓட்டுகளை மட்டும் வைத்துக் கரோயோவை மேயராக அறிவித்தது. சாவடிக்கு வந்து ஓட்டளிப்பது உரிமை, தபாலில் அளிப்பது ஒரு சலுகைதான் என்பது அதன் தர்க்கம். மறுதேர்தல் வைத்தால் திருடியவர்களுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்த மாதிரி ஆகும், வெயிலில் நடந்துவந்து நேர்மையாக ஓட்டளித்தவர்களின் தீர்ப்பு வீணாகும் என்றும் அது கருதியது.

இந்தத் தர்க்கத்தைப் படிக்கும்போது மறுக்க முடியவில்லை. புத்தகத்தை மூடி வைத்தால் மட்டும் ஒரு முகம் கண்முன் வருகிறது. உண்மையாகவே படுத்த படுக்கையாக இருந்து, நடுங்கும் கையால் தானே குறியிட்டு, தானே உறையை ஒட்டி அனுப்பிய ஒருவரின் முகம். அந்த ஐயாயிரத்தில் அப்படிப்பட்டவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அவர்கள் செய்த குற்றம் என்ன? கால் விளங்கவில்லை என்பதுதானே? உரிமைக்கும் சலுகைக்கும் உள்ள வித்தியாசம், படியிறங்க முடிகிறவருக்கும் முடியாதவருக்கும் உள்ள வித்தியாசம்தானா?

கேட்டால், நான் முதல் நீதிபதியின் பக்கம்தான் நிற்பேன். மறுதேர்தல் செலவுதான், சலிப்புதான், திருடனுக்கு இன்னொரு சந்தர்ப்பம் என்பதும் உண்மைதான். ஆனாலும் அதில் படுக்கையில் இருந்தவருக்கும் இன்னொரு சந்தர்ப்பம் கிடைக்கிறது. அதே சமயம், மேல்கோர்ட்டின் மீது கோபப்படுவதிலும் அர்த்தமில்லை. நல்ல அரிசியையும் கல்லையும் பிரிக்க முடியாதபடி கலந்தவன்தான் முழு மூட்டையையும் கொட்ட வைத்தான். ஓட்டைத் திருடுகிறவன் ஒரு முறை அல்ல, இரண்டு முறை திருடுகிறான். ஏமாளியின் ஓட்டை ஒரு முறை. கண்டுபிடிக்கப்பட்டதும் நேர்மையானவனின் ஓட்டை இன்னொரு முறை.

இதற்கு நேர் எதிரான திருட்டு ஒன்றும் இருக்கிறது. தோற்றவர்கள் ஆதாரமில்லாமல் ‘தபால் ஓட்டெல்லாம் மோசடி’ என்று கூச்சலிடுவது. 2020-ல் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலுக்குப் பிறகு அறுபதுக்கு மேற்பட்ட வழக்குகள் போட்டார்கள். முடிவை மாற்றும்படியான மோசடி ஒன்றும் எந்த நீதிமன்றத்திலும் ருசுவாகவில்லை. மயாமியில் திருட்டு நடந்தது என்பதற்குச் சாட்சிகள் வந்தார்கள், கையெழுத்து நிபுணர்கள் வந்தார்கள். சாட்சியில்லாமல் சந்தேகத்தை மட்டும் ஊதிவிடுகிறவனும், படுக்கையில் இருப்பவரின் ஓட்டைக் குப்பைக்கூடைக்கு அனுப்பத்தான் வழி பார்க்கிறான்.

அப்படியானால் என்னதான் வழி? பிரான்ஸ் 1975-ல் உள்நாட்டில் தபால் ஓட்டையே ஒழித்துவிட்டது. வர முடியாதவர் தாம் நம்பும் ஒருவரை அதிகாரியின் முன்னிலையில் எழுத்து மூலம் நியமிக்கலாம். அவர் சாவடிக்குப் போய் இவர் சார்பில் ஓட்டளிப்பார். இதில் ரகசியம் போய்விடுகிறது. ஆனால் ரகசியம் இருப்பதாக நடிக்கவும் இல்லை. ‘இவனை நம்பினேன்’ என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு நம்புவதில் ஒரு நேர்மை இருக்கிறது. பிரிட்டனோ 2022-ல் இன்னொரு சட்டம் செய்தது. கட்சிக்காக வேலை செய்கிறவர்கள் பிறருடைய தபால் ஓட்டுகளைத் தொடக்கூடாது. மற்றவர்களும் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கும்போது, தம்முடையதைத் தவிர ஐந்து பேருடையதற்கு மேல் கொடுக்கக் கூடாது.

நம் நாட்டுத் தேர்தல் விதிகளிலும் இதே ஞானம் ஓர் இடத்தில் இருக்கிறது. கண் தெரியாதவருக்குச் சாவடியில் ஒருவர் துணையாகப் போகலாம். ஆனால் அன்றைக்கு அவர் ஒருவருக்குத்தான் துணை போகலாம். ரகசியத்தைக் காப்பேன் என்று எழுதியும் கொடுக்க வேண்டும். ஒருவருக்குச் செய்தால் உதவி. ஊருக்கே செய்தால் அதற்குப் பெயர் தரகு. இந்த எல்லைக்கோட்டை விதி எழுதியவர் எவரோ, அவர் மனிதர்களை அறிந்தவர். 2024 பாராளுமன்றத் தேர்தலில் 85 வயசைத் தாண்டியவர்களுக்கும் கடுமையான உடற்குறை உள்ளவர்களுக்கும் வீட்டிலிருந்தே ஓட்டளிக்க நாடு முழுவதும் ஏற்பாடு செய்தார்கள். சீட்டைத் தபாலில் போட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. அதிகாரிகள் குழுவாக வீடு தேடிப் போனார்கள். ரகசியமாகக் குறியிட வழி செய்து, உறையை வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். சீட்டை வீட்டுக்கு அனுப்புவதானால் கூடவே திரையையும் அனுப்ப வேண்டும் என்பதுதான் இதன் சாரம்.

“எங்களை நம்பவில்லையா?” என்று உதவிக்காரர்கள் கோபித்துக்கொள்ளலாம். உத்தரமேரூர்க் கல்வெட்டு இதற்குப் பதில் சொல்கிறது. பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டிய அந்தக் கல்வெட்டில் குடவோலை எடுக்கும் முறை எழுதப்பட்டிருக்கிறது. குடத்திலிருந்து ஓலையை எடுப்பவன் விவரம் தெரியாத ஒரு சிறுவன். அதை வாங்கிக்கொள்ளும் பெரியவர் ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். எல்லோரும் கேட்க வாசிக்க வேண்டும். அது சீட்டுக் குலுக்கல்தான், இன்றைய ஓட்டு அல்ல. ஆனால் அந்த விரித்த விரல்களைக் கவனியுங்கள். அவர் கண்ணியமானவர் என்று தெரிந்துதான் அந்தப் பொறுப்பைக் கொடுத்தார்கள். கொடுத்துவிட்டு விரலையும் விரிக்கச் சொன்னார்கள். அதை அவமானம் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். நேர்மையானவருக்கு விரலை விரிப்பதில் என்ன கஷ்டம்?

கடைசியாக ஒரு தகப்பனாரையும் ஒரு மகனையும் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2018-ல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் நடந்தது பிரதிநிதிகள் சபைத் தேர்தல். உள்ளூர்த் தேர்தல் அல்ல. ஆனால் வேலை நடந்தது சுத்தமான உள்ளூர்ப் பாணியில். பிளேடன் என்ற கிராமாந்தர வட்டாரத்தில் மெக்ரே டவ்லெஸ் என்பவர், கூலிக்கு ஆள் வைத்து வீடு வீடாகத் தபால் ஓட்டுகளைச் சேகரித்தார். அவரே அந்த வட்டாரத்தின் மண், நீர்ப் பாதுகாப்பு வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். ஒட்டாமல் வந்த உறைகளில் காலியாக இருந்த கட்டங்களைத் தானே நிரப்பியதாக, வேலை செய்த ஒரு பெண் சாட்சி சொன்னார். சந்தேகம் வராமல் இருக்கப் பேனா மையின் நிறம் ஒத்துப்போகும்படி பார்த்துக்கொண்டார்களாம். ஒரே சமயத்தில் கத்தையாகத் தபாலில் போடாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டார்களாம். கற்பனைக் கதையில் நான் இதை எழுதினால் ‘மிகை’ என்று ஆசிரியர் வெட்டியிருப்பார்.

ஜெயித்த வேட்பாளர் மார்க் ஹாரிஸ் ஒரு பாதிரியார். 905 ஓட்டு வித்தியாசம். தேர்தல் வாரியம் முடிவை ஏற்க மறுத்து, 2019 பிப்ரவரியில் விசாரணை வைத்தது. டவ்லெஸைப் பற்றித் தம்மை யாரும் எச்சரிக்கவில்லை என்று ஹாரிஸ் முன்பு சொல்லியிருந்தார். பிப்ரவரி 20-ஆம் தேதி சாட்சிக் கூண்டில் ஏறியவர் அவருடைய சொந்த மகன் ஜான் ஹாரிஸ், சர்க்கார் வக்கீல். முந்தைய தேர்தலின் தபால் ஓட்டுக் கணக்கைப் பார்த்துத் தமக்குச் சந்தேகம் வந்ததையும், அந்த மனிதரை அமர்த்த வேண்டாம் என்று 2017-லேயே தகப்பனாருக்கு எழுதியதையும் அவர் சொன்னார். தாயையும் தகப்பனையும் தாம் நேசிப்பதாகவும் சொன்னார். அவர்கள் ஏமாற்றப்பட்டதாகவே தாம் நம்புவதாகவும் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த தகப்பனார் கண்ணீர் விட்டார். மறுநாள் அவரே மறுதேர்தல் வேண்டும் என்று சொன்னார். வாரியமும் ஏகமனதாக அப்படியே உத்தரவிட்டது. டவ்லெஸ் மீது குற்றச்சாட்டுகள் பதிவாயின. ஓட்டு வழக்கு விசாரணைக்கு வருமுன் 2022-ல் அவர் இறந்துபோனார். ஹாரிஸ் மீது குற்றம் சாட்டப்படவில்லை. 2024-ல் வேறொரு தொகுதியில் நின்று அதே சபைக்கு ஜெயித்தும் போனார்.

போலெட்டேரோவின் அன்பு கிழவரின் கையைப் பிடித்துக் குறியிட வைத்தது. அந்த மகனின் அன்பு தகப்பனாரின் கையை விட்டுவிட்டு உண்மையைச் சொன்னது. இரண்டையும் அன்பு என்றே சொல்கிறோம். அன்பு எங்கே முடிந்து ஆதிக்கம் எங்கே ஆரம்பிக்கிறது என்பதற்கு நான் இதுவரை கண்ட அடையாளம் ஒன்றே. நமக்குப் பிரியமானவர் நமக்கு விருப்பமில்லாத ஒன்றைத் தீர்மானிக்க இடம் கொடுக்கிறோமா, இல்லையா?

நம் வீடுகளிலும் முதியவர்கள் இருக்கிறார்கள். இன்னொரு தேர்தல் வரும். இன்னோர் உறை வரும். கண்ணாடியை எடுத்துக் கொடுங்கள். பேனாவில் மை இருக்கிறதா என்று பார்த்துக் கொடுங்கள். கேட்டால், எந்தப் பெயர் எங்கே இருக்கிறது என்று படித்துக் காட்டுங்கள். பிறகு எழுந்து, கதவை ஒருக்களித்துவிட்டு, ஒரு நிமிஷம் வெளியே வந்து நில்லுங்கள்.